இத்தாவில் இருந்த சாட்சி

இதை எழுதலாமா கூடாதா என்ற யோசனையிலேயே எனக்குப் பல வருசங்கள் போய்விட்டன. பிஸ்மி சொல்லி முதல் வரியை எழுதுவேன், பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும், எழுந்து போய்விடுவேன். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் அந்த வரி பிழையாகத் தெரியும். ஒரு புருசனுக்கும் பெண்சாதிக்கும் நடுவில் நடந்ததைப் பிறத்தியார் வெளியில் சொல்வது எங்கள் மார்க்கத்தில் நல்ல காரியம் அல்ல. அதோடு, வழக்குப் பேசும் பிரக்கிராசியாரின் அறையில் ஒருவர் சொன்னதை வெளியில் விடுவது நான் பார்த்த தொழிலுக்கும் அழகல்ல. என் வாய்க்கு இரண்டு பூட்டுகள் கிடந்தன.

இப்போது அவர்கள் இரண்டு பேரும் மௌத்தாகிவிட்டார்கள். பிரக்கிராசியாரும் இல்லை. போன வருசப் பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அவர்களுடைய மகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, எங்கட உம்மாவப் பத்தி ஊரில ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிக் கதைக்காங்க. நீங்க பக்கத்தில நிண்ட ஆள். உம்மாவ நல்லவவாக்கியும் எழுத வேணாம், கெட்டவவாக்கியும் எழுத வேணாம். கேட்டத எழுதுங்க" என்றாள். அதற்குப் பிறகும் ஒரு நோன்பு வந்து போய்விட்டது. இன்று அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கையெழுத்து நன்றாக இருந்த ஒரே காரணத்துக்காக, ஐம்பதுகளில் கல்முனைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிரக்கிராசியாரிடம் கிளாக்கராகச் சேர்ந்தேன். இப்போது சட்டத்தரணி என்கிறோம். அப்போது எங்கள் சனத்துக்கு அவர் பிரக்கிராசி. மட்டக்களப்புப் பக்கத்துச் சைவர். திருநீறு பூசாமல் கோட்டுக்குப் போகமாட்டார். வெள்ளிக்கிழமையில் ஜும்ஆவுக்கு நேரம் நெருங்கினால், கட்சிக்காரர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே என்னைப் பார்த்து "நீர் போம்" என்று வாசலைக் காட்டிவிடுவார்.

அவருடைய அறைக்கும் சனம் உட்கார்ந்து காத்திருக்கும் நீள வாங்குக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டும்தான் இருந்தது. பிரக்கிராசி ஐயாவுக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது. உள்ளே ஒருவருக்குச் சொல்லும் புத்தி வெளியே இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். அதைக் கேட்பதற்கென்றே வெள்ளனத்தோடு வந்து வாங்கில் இடம் பிடிக்கிறவர்களும் இருந்தார்கள்.

கட்சிக்காரர்கள் அதிகம் கேட்பது சாட்சிகளைப் பற்றித்தான். ஒருமுறை சம்மாந்துறைக்காரர் ஒருவர் தன் மாமனாரைச் சாட்சியாகப் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"நல்லாக் கதைப்பார் ஐயா."

"கதைப்பார், சரி. கண்டவரா?"

"காணல்ல. ஆனா கண்ட ஆளவிட நல்லாக் கதைப்பார்."

"அப்ப அவரக் கலியாணப் பேச்சுக்கு வெச்சுக்கொள்ளுங்க. கோட்டுக்கு வேணாம்."

யார் யார் சாட்சி சொல்ல முடியாது என்பதையும் ஐயா எல்லாருக்கும் விளக்குவார். கட்சிக்காரன் சொன்னதைத் தான் சொல்ல முடியாது என்பார். பிறகு என்னைக் காட்டி, "இந்தா இருக்கிற கிளாக்கரும் சொல்ல ஏலாது. சட்டம் இவற்ற வாயையும் கட்டித்தான் வெச்சிருக்கு" என்பார். எனக்கு அது ஒரு மரியாதை மாதிரி இருக்கும்.

ஒரு காலையில் நிந்தவூரிலிருந்து மாட்டுக் களவு வழக்கில் மாட்டுப்பட்ட ஒருவர் உள்ளே இருந்தார். பொலிஸார் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாட்சி சொல்ல வைத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். ஐயா வழக்கமான சத்தத்தில் சொன்னார்: "உங்கட பொஞ்சாதி சாட்சி சொல்ல ஏலாது காக்கா. சட்டத்தில அவவுக்கு அந்தக் கூண்டு இல்ல. போய் நிம்மதியாச் சாப்பிட்டுப் படுங்க."

அந்த மனிதருக்கு அந்தப் புத்தி சரி. அவருக்குத் தேவையான அளவு அவ்வளவுதான். அவர் போன பிறகு, வாங்கில் காத்திருந்த அடுத்தவரைக் கூப்பிட நான் வெளியே வந்தேன். ஆளைக் காணவில்லை.

அந்த அடுத்தவரைப் பற்றித்தான் இந்தக் கதை. அவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த வயல்காரர். என்னைவிட மூத்தவர், அண்ணன் முறைக்கு நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டு வளவுக்கு அடுத்த குறுக்கு ஒழுங்கையில்தான் அவருடைய மனைவியின் வீடு. அவருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வாய்க்கால் தண்ணீரால் தகராறு. ஒருநாள் அஸர் நேரத்தில் யாரோ பின்னால் வந்து மண்வெட்டிப் பிடியால் அடித்ததில் பக்கத்து வயல்காரரின் கை முறிந்துபோனது. பொலிஸ் இவரைப் பிடித்துப் பிணையில் விட்டிருந்தது. அஸர் நேரத்தில் தான் வீட்டில் இருந்ததாக இவர் அல்லாஹ் மீது ஆணையிட்டுச் சொன்னார். அப்படி இருந்ததைக் கண்டவர் ஒரே ஒரு ஆள், அவருடைய மனைவி. வழக்குத் தோற்றால் சிறைக்கு, எங்கள் பேச்சில் மறியலுக்கு, போகவேண்டியதுதான்.

அடுத்த கிழமை அவர் வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"ஐயா, சாட்சி சரி."

"ஆர்?"

"என்ட பொஞ்சாதி. முந்தி பொஞ்சாதியா இருந்தவ."

ஐயா பேனாவைக் கீழே வைத்தார். "முந்தி எண்டா?"

"தலாக் சொல்லிட்டன் ஐயா. ரெண்டு பேர வெச்சி, முறைப்படி. ஒண்டுதான் சொன்னன். பொஞ்சாதி சாட்சி சொல்ல ஏலா எண்டு நீங்கதானே அண்டைக்கிச் சொன்னீங்க. இப்ப அவ பொஞ்சாதி இல்லையே. வந்து சொல்லட்டும். வழக்கு முடிஞ்சா மீட்டிக்கொள்ளுவன்."

ஐயா என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு தலாக் சொன்ன பெண், மூன்று மாதவிடாய்க் கணக்கில், இத்தா என்று வீட்டோடு இருப்பாள். அந்தத் தவணைக்குள் புருசன் மீட்டுக்கொண்டேன் என்று சொன்னால் அவள் திரும்பவும் மனைவி. தவணை கடந்துவிட்டாலும், மூன்று தலாக்கும் சொல்லி முடித்துவிட்டாலும் அந்த உரிமை போய்விடும். தலாக் என்பது விளையாட்டுக்குச் சொன்னாலும் விழும், வழக்குக்காகச் சொன்னாலும் விழும்.

"இத்தாவில இருக்கிறவ கோட்டுக்கு வருவாவோ?" என்று ஐயா கேட்டார்.

"அவசியம் இல்லாம வெளிக்கிட மாட்டாங்க ஐயா."

ஐயா மேசைமேல் குனிந்தார். பிறகு, நான் கேட்க முதல் தடவையாக, மெதுவாகக் கதைத்தார்.

"காக்கா, நான் மற்ற ஆளுக்குச் சொன்னது பொலிஸ் கூப்பிட ஏலாது எண்டுதான். நீங்க கூப்பிட்டா உங்கட பொஞ்சாதி வரலாம். முந்தியே வந்திருக்கலாம். அந்தக் கதவின்ட திறப்பு உங்கட கையில மட்டும்தான் இருந்தது. நீங்க திறந்தா, உங்களுக்கும் அவவுக்கும் நடுவில நடந்த பேச்செல்லாம் கோட்டுக்கு வந்திரும். திறக்காம விட்டா ஒருத்தரும் உள்ள பாக்க ஏலாது. இப்ப நீங்க கதவையே கழட்டி றோட்டில வெச்சிட்டீங்க. அவ உங்களுக்கு மனிசி இல்லையெண்டா, நாளைக்குப் பொலிஸ் கூப்பிடும். சரி, அண்டைக்கு அவ என்னத்தக் கண்டவ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று மதியத்து லுஹர் தொழுகைக்குப் பிறகு, அவன் கையை முறித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறார். பாதி வழியில் மனம் ஆறித் திரும்பி வந்துவிட்டார். அஸர் நேரத்தில் வீட்டில்தான் இருந்தார். மனைவி போனதையும் கண்டவர், வந்ததையும் கண்டவர். போன கதை கோட்டில் வந்தால், வந்த கதையை யாரும் நம்பமாட்டார்கள்.

"பொய் சொல்லுவாவோ?"

"அவவா? எனக்காகவும் சொல்ல மாட்டா ஐயா. மகளுக்காகவும் சொல்ல மாட்டா."

"அப்ப இண்டைக்கே போய் மீட்டுக்கொள்ளுங்க" என்றார் ஐயா.

அன்று பின்னேரம் காக்காவும் நானும் போனோம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். சீதனமாகக் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை வந்து இருப்பார். ஆகவே தலாக் சொன்னவர்தான் சாரனையும் சட்டையையும் சுற்றிக்கொண்டு வெளியேற வேண்டும். அவர் தன் கூடப்பிறந்த ராத்தாவின், அதாவது அக்காவின், வீட்டு விறாந்தையில் படுத்துக்கொண்டிருந்தார். தான் வருசக்கணக்காக வேலி கட்டின வளவுக்குள் பிறத்தி ஆள் மாதிரி நின்று சலாம் சொன்னார். பதில் சலாம் உள்ளேயிருந்து வந்தது. சீலைத் திரைக்குப் பின்னால் அவர் மனைவி இருந்தார். எனக்கும் அவர் ராத்தா முறை; இனி நான் ராத்தா என்பது இவரைத்தான்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"தம்பி, அவரிட்டக் கேளுங்க. தலாக் சொல்லச் சொன்னது ஆரு?"

"ஒருத்தரும் சொல்லல்ல ராத்தா. அவராத்தான் பிழையா விளங்கிக்கொண்டு..."

"மீட்டச் சொன்னது ஆரு?"

நான் உண்மையைச் சொன்னேன். "பிரக்கிராசியார்."

"அப்ப கோட்டுக்காக வெளியாக்கி, கோட்டுக்காக உள்ள எடுக்கார். ஒரு வழக்குக்கு ஒரு தலாக் எண்டா, இன்னும் ரெண்டு வழக்குத்தான் அவருக்கு மிச்சம் எண்டு சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. காக்காவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் கண் கலங்கி நின்றார்.

"மீட்டிறது அவர்ட ஹக்கு. என்னக் கேக்காமலும் சொல்லலாம். எனக்கு அது தெரியும்" என்றது குரல். "சொல்லிட்டு உள்ள வரட்டும். சோறு போடுவன். ஆனா ஏன் வந்தார் எண்டத நான் மறக்க மாட்டன்."

காக்கா வாசலில் நின்று, முதன்முறையாக என் வழியாக அல்லாமல் நேரே சொன்னார். "அப்படியெண்டா இண்டைக்கிச் சொல்ல மாட்டன். கோட்டுக்காக உன்ன மீட்ட மாட்டன்."

திரும்பி வரும்போது நான், "காக்கா, மறியலுக்குப் போகப்போறீங்களா?" என்று கேட்டேன். "போனாப் போறன்" என்றார். "அவ கேட்டதில பிழை இரிக்கா? நீயே சொல்லு."

ஐயாவிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவுதான்.

வழக்குக் கூப்பிட்ட அன்று, பொலிஸ் சார்ஜன் எழுந்து, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட காக்கா, தன் மனைவியைத் தலாக் சொல்லிவிட்டதாகத் தெரிய வந்திருப்பதாகவும் அந்தப் பெண்ணைத் தங்கள் சாட்சியாக அழைக்கத் தவணை வேண்டும் என்றும் கேட்டார். ஊரில் ரகசியம் எது? நீதவான் தவணை கொடுத்தார். கை முறிந்தவர் கட்டுப்போட்ட கையோடு ஒரு மூலையில் நின்றார். சார்ஜன் சொன்னதைக் கேட்டுக் காக்காவைப் போல அவரும் நிலத்தைத்தான் பார்த்தார்.

பிறகு சம்மன் அந்த வீட்டுக்குப் போனது. மறுநாள் ராத்தா என் மனைவியிடம் சொல்லியனுப்பினார்: இத்தாவில் இருக்கிறவள் இதற்குப் போகத்தான் வேண்டுமா, தம்பியிடம் கேட்டுச் சொல். நான் ஐயாவிடம் ஓடினேன்.

அவர் கதிரையை விட்டே எழுந்துவிட்டார். "நீர் அவவோட இந்த வழக்கப் பத்தி ஒரு சொல்லும் கதைக்கப்படாது. இப்ப அவ மற்றப் பக்கத்துச் சாட்சி. போங்க எண்டாலும் குற்றம், போகாதீங்க எண்டாலும் குற்றம். சாட்சியக் கலைச்சது எண்டு என்னையும் உம்மையும் சேத்துப் பிடிப்பாங்கள்."

"மீட்டிற விசயம் ஐயா?"

"அது உங்கட மார்க்கம். அதில எனக்கு வாயில்ல" என்று திரும்பிக்கொண்டார்.

இதைத்தான் நான் இன்று வரைக்கும் யோசிக்கிறேன். அந்த வீட்டுக்குள் இருந்த ஒரு பெண்ணைச் சுற்றி, உண்மை தெரிந்த எல்லாருடைய வாயும் கட்டிக் கிடந்தது. ஐயா சொல்ல முடியாது. நான் சொல்ல முடியாது. புருசன் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த வாக்கே அவரைக் கட்டிப் போட்டது. மீட்டால் கோட்டுக்காக என்றாகும், மீட்காவிட்டால் இத்தாத் தவணை முடிந்து, மனைவியும் இல்லை, மறியலும் மிச்சம். என் மனைவி மூலம் நான் அனுப்பிய பதில் ஒன்றுதான்: "எனக்குச் சொல்ல ஏலா ராத்தா, மன்னிச்சிக்கொள்ளுங்க."

காக்கா அந்த நாட்களில் பள்ளிவாசலிலேயே கிடந்தார். சுபஹ் தொழுதுவிட்டு வெயில் ஏறும் வரைக்கும் சுவரில் சாய்ந்திருப்பார். ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு என் கையைப் பிடித்தார்.

"தம்பி, இத்தாத் தவணை எந்த அளவில நிக்கிது எண்டு எனக்குத் தெரியா. கணக்கு அவட்ட. முடிஞ்சிரிச்சோ எண்டும் தெரியா. நான் போகப் போறன்."

"வாக்குச் சொன்னீங்களே காக்கா."

"சொன்னன். பொய் சொல்லாமப் போறதுக்கு ஒரு வழி கண்டிரிக்கன். லெவ்வையையும் கூட்டி வா."

பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெவ்வை வயதானவர், முழங்கால் வருத்தம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து வந்தார். வாசலில் நின்று சலாம் சொன்னோம். காக்கா திரையைப் பார்த்துச் சொன்னார்.

"கோட்டுக்காக இல்ல எண்டு சொன்னா அது பொய். எனக்கு மறியலுக்குப் பயம்தான். ஆனா கோட்டுக்காக மட்டும் எண்டு சொன்னாலும் பொய். என்ட கூடப்பிறந்த ராத்தா வீட்டில நல்லாத்தான் சோறு தாறாங்க. என்னால திங்க ஏலாமக் கிடக்கு. எது எவ்வளவு எண்டு பிரிச்சிச் சொல்ல எனக்குத் தெரியா. இதுதான் உண்மை. இத ஏத்துக்கொள்ற எண்டாச் சொல்லு, இல்லாட்டி நான் போறன்."

காக்கா திரைக்கு ஒரு அடி கிட்ட வந்து, "நேரம் இரிக்கா?" என்று கேட்டார்.

எங்கள் மார்க்கத்தில், இத்தா முடிந்ததா இல்லையா என்ற அந்தக் கேள்விக்கு அந்தப் பெண் ஒருத்தியின் வாய்ச்சொல்தான் பதில். அவள் முடிந்தது என்றால் முடிந்தது. இருக்கிறது என்றால் இருக்கிறது. நான் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலியில் காயப்போட்ட பிள்ளையின் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. லெவ்வையின் உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது.

"இரிக்கி" என்றார் ராத்தா.

லெவ்வை, "அல்ஹம்துலில்லாஹ், சொல்லுங்க மகன்" என்றார். காக்கா மீட்டுக்கொண்டேன் என்ற சொல்லை எங்கள் இருவரையும் சாட்சி வைத்துச் சொன்னார். சொல்லி முடித்ததும் அப்படியே நின்றார். உள்ளே போகத் தெரியவில்லை அவருக்கு.

"கிணத்தடியில கால்முகம் கழுவிட்டு வாங்க" என்றது குரல். இந்த முறை அது தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. லெவ்வையும் நானும் திரும்பி நடந்தோம்.

வழக்குத் தவணைக்கு ஐயா எழுந்து, சம்மன் கொடுக்கப்பட்டவர் எதிரியின் மனைவி, அவரைப் பொலிஸ் சாட்சியாக அழைக்க முடியாது என்றார். சார்ஜன் இது தந்திரம் என்றார். நீதவான் லெவ்வையைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்.

"இத்தாத் தவணை முடியவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவ சொன்னா."

"அவர் சொன்னால் போதுமா? வேறு சாட்சி?"

"அதுக்கு வேற சாட்சி கேக்கிறல்ல துரை. அத அல்லாஹ் அவட பொறுப்பில விட்டிரிக்கான்."

நீதவான் எழுதிக்கொண்டார். ராத்தாவின் பெயரைக் கூப்பிடவில்லை. கை முறிந்தவர் கூண்டில் ஏறினார். அடித்தவனின் முகத்தைக் கண்டீர்களா என்று ஐயா கேட்டார். அவர் எங்களைப் பார்த்தார், நீதவானைப் பார்த்தார். "முகம் காணல்ல. வாய்த்தர்க்கம் பட்டதால அவர்தான் எண்டு நெனச்சன்" என்றார். காக்காவை விட்டார்கள். அடித்தது யார் என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

வெளியே வந்து ஐயா என்னிடம் கேட்டார்: "நேரம் உண்மையா இருந்ததோ?" நான், "ராத்தா இருக்கெண்டு சொன்னாங்க ஐயா" என்றேன். "ஓம், அது எனக்கும் கேட்டது" என்று நடந்துவிட்டார். அவரும் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த நாளே கொத்தனாரைக் கூப்பிட்டு, அறையின் பலகைத் தட்டியை எடுத்துவிட்டுச் சுவர் வைக்கச் சொன்னார்.

காக்காவும் ராத்தாவும் அதற்குப் பிறகு நீண்ட காலம் வாழ்ந்தார்கள். சண்டையும் பிடித்தார்கள். "இன்னும் ரெண்டு இரிக்கி, கவனம்" என்று ராத்தா சொல்வதும், காக்கா வாயை மூடிக்கொள்வதும் எங்கள் ஒழுங்கை வரைக்கும் கேட்கும்.

ஊரில் சிலர், தவணை எப்போதோ முடிந்திருந்தது, புருசனைக் காப்பாற்ற அவ பொய் சொன்னா என்கிறார்கள். சிலர் அவவைப் பெரிய தியாகி ஆக்கிவிட்டார்கள். வழக்கு வெல்ல நல்ல தந்திரம் என்று இதை இளம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நல்ல விளக்கம் கொடுக்கட்டும். நான் அங்கே நின்றவன். எனக்குக் கேட்டது ஒரு சொல். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வதென்றால் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதினபடி சொல்லுங்கள். ராத்தா "இரிக்கி" என்றார் என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் சொன்னார் என்று உங்கள் பக்கத்திலிருந்து ஒன்றும் சேர்க்காதீர்கள். அந்தச் சாட்சியை விசாரிக்க வேண்டியவன் விசாரித்திருப்பான்.